ஜப்பான் ஹெட், ஜெஞ்சாரோம் கேம்

"யோவ் பரமேஸ், நீ வாங்கியிருக்கிறது சாமான் இல்லய்யா, வெறும் ஸ்டிக்கரு!"

கமலநாதன் போட்ட சத்தத்தில் அவருடைய கிள்ளான் கார் பட்டறையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மரியாதையாகப் பேசத் தெரியாத மனுஷன். ஆனாலும் காரை வேகமாக ஓட வைக்கணும் என்றால் சுங்கை பூலோவிலிருந்துகூட இவரிடம்தான் வந்து திட்டு வாங்கிக்கொண்டு போவார்கள்.

இன்றைக்கு வாங்கிக்கொண்டிருந்தவர் பரமேஸ்வரன். லோரி பிசினஸ்காரர். ஆசைக்கு ஒரு பழைய வீரா கார் வைத்திருக்கிறார்.

வாசலோரம், கமலநாதன் அளவு சொல்லிச் செய்யச் சொன்ன கேம்ஷாஃப்ட்டை, அதாவது இன்ஜின் வால்வைத் திறந்து மூடும் தண்டை, துணியில் சுற்றிப் பிடித்தபடி சிவநேசன் நின்றிருந்தான். ஜெஞ்சாரோம் என்ற கம்பத்தில், அதாவது கிராமத்தில், லேத் பட்டறை வைத்திருப்பவன். கேம் கொடுக்க வந்தது ஒரு சாக்கு. கமலநாதனின் மகள் குமுதாவை இன்றைக்கு எப்படியாவது பெண் கேட்டுவிட வேண்டும்.

'அப்பா கத்துவாரு. மனசுல ஒண்ணும் இருக்காது. தைரியமா கேளுங்க' என்று குமுதா வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள்.

இந்தக் கத்தலைக் கேட்டதும் அவனுக்கு இருந்த தைரியத்தில் பாதி போய்விட்டது.

"எல்லாம் ஜப்பான் சாமான்லா அண்ணே," பரமேஸ்வரன் கெஞ்சினார். "இன்ஜின் ஹெட்டு ஜப்பான். கேமும் ஜப்பான், ரேஸ்காரன் போடுறது. அப்புறம் ஏன் இழுக்க மாட்டேங்குது? டிராஃபிக் லைட்ல ஒரு குட்டி மைவி கார், ஆன்டி ஒருத்தங்க ஓட்டுறாங்க, என்னை முந்திட்டுப் போறாங்க!"

"போவாங்க, ஏன் போக மாட்டாங்க? ரெண்டும் ஜப்பான்னா ஒண்ணோட ஒண்ணு சேந்துருமா? ஹெட்டு எவ்வளவு மூச்சு இழுக்குதோ, அதுக்குத் தக்கன கேம் வால்வைத் தொறந்து மூடணும். உன் ஹெட்டு சாதா ஹெட்டு. நீ போட்ட கேமு, வால்வைத் தொறந்தா மூட மனசே வராத கேமு. வேகம் ஏறின பிறகு கத்தும், கெளம்பும்போது செத்துக் கெடக்கும். பேரைப் பாத்து மயங்குறவன் அதையெல்லாம் கார்ல மாட்டக் கூடாது, சாமி மேடையில வெச்சுக் கும்பிடணும்!"

பட்டறையே சிரித்தது. பரமேஸ்வரனும் வேறு வழியில்லாமல் சிரித்து வைத்தார்.

"தம்பி சிவநேசா, கொண்டா அதை."

கமலநாதன் துணியைப் பிரித்தார். கேமை உருட்டி உருட்டி டயல் கேஜில் அளந்தார். ஹெட்டையும் ஒரு தடவை அளந்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இதுய்யா கேமு! கேட்ட அளவு அப்படியே இருக்கு."

பரமேஸ்வரன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல பேரே இல்லையேண்ணே. எங்க செஞ்சது?"

"ஜெஞ்சாரோம்."

"அய்யய்யோ! ஜப்பான் ஹெட்ல போயி கம்பத்துக் கேமா? கூட்டாளிங்க கேட்டா என்ன சொல்றது? மானம் போயிரும்லா!"

கமலநாதனுக்கு வந்ததே கோபம்.

"இரும்புக்கு ஏதுய்யா மானம்? எங்க பொறந்தே, உன்னை யாரு பெத்தான்னு கேட்டா அது சொல்லுமா? அளந்து பாரு. அளவு சேந்தா மாட்டு, சேரலன்னா தூக்கிப் போடு. பொறப்பு பாத்துப் பொருத்தம் சொல்றவன் மடையன்! இந்தக் காலத்துலயும் இப்படி ஒரு மண்டையா?"

சிவநேசனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. இப்படிப்பட்ட மனுஷனுக்குப் போயா பயந்தோம் என்று தன்னையே நொந்துகொண்டான்.

கேமை மாட்டி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. பந்திங் ரோட்டில் ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வந்த பரமேஸ்வரன் இறங்கும்போதே கூவினார். "அண்ணே, என்னாண்ணே இது! மிதிச்ச உடனே பிச்சுக்கிட்டுப் போவுது! நான் வாயத் தொறந்ததே தப்பு!"

"என்கிட்ட ஏன்யா சொல்ற? செஞ்சவன் இங்க நிக்கிறான், இவன்கிட்ட சொல்லு." கமலநாதன் சிவநேசனின் தோளில் கையைப் போட்டு இழுத்து அணைத்துக்கொண்டார். "தங்கமான கை. இப்படி ஒரு பிள்ளை என் வீட்டுல இருந்தா எனக்கு என்ன கவலை?"

பரமேஸ்வரன் கிளம்பிப் போனார். மற்றவர்களும் சாப்பிடப் போய்விட்டார்கள். இதைவிட நல்ல நேரம் வராது என்று சிவநேசனுக்குத் தோன்றியது.

"அங்கிள், ஒரு விஷயம். நானும் குமுதாவும் விரும்புறோம். நீங்க சம்மதிச்சா கட்டிக்கலாம்னு இருக்கோம்."

கத்தப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டான். கமலநாதன் கத்தவில்லை. கையில் இருந்த கிரீஸைத் துடைத்துவிட்டு, ஸ்டூலை அவன் பக்கம் நகர்த்தினார்.

"உக்காரு தம்பி. நல்ல பையன், சொந்தத் தொழில், குடி கிடையாது. உன்கிட்ட ஒரு குறையும் எனக்குத் தெரியல."

சிவநேசன் சந்தோஷத்தில் பாக்கெட்டில் இருந்த போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். உடனே குமுதாவுக்கு போன் போட வேண்டும் போல இருந்தது.

"உங்க தாத்தா தமிழ்நாட்டுல எந்தப் பக்கத்துலேருந்து கப்பல் ஏறி வந்தாரு?"

"சேலம்னு அப்பா சொல்வாரு அங்கிள். நாங்க யாரும் போனதே இல்ல. எனக்கு ஜெஞ்சாரோம்தான் ஊரு."

"சேலம்... ம், சரி."

கமலநாதன் வாசலை எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. காலையிலிருந்து பட்டறை அதிரக் கத்திய மனுஷன், அப்போதுதான் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"தப்பா எடுத்துக்காத தம்பி... நீங்க என்ன ஆளுங்க?"