கல்லாவுக்கு அந்தப் பக்கம்

தொழிலாளர் துறை ஆய்வாளர் கோட்டுப் பொத்தானைக்கூடக் கழற்றாமல் வரிசையில் நின்றார். அவருக்குப் பின்னால் நான்.

எங்கள் ஊரில் யாரும் ஞாயிற்றுக்கிழமை கையில் தோல்பையோடு ரொட்டி வாங்க வருவதில்லை. பார்த்ததுமே தெரிந்துகொண்டேன். அவரை வரவழைத்த புகாரே என்னுடையதுதான். பெயர் போடாமல் அனுப்பியது.

கல்லாவில் அம்மா நின்றிருந்தாள். நீல ரப்பர் உறை மாட்டிய கைகளால் பன்றி இறைச்சியை மெல்லிய வில்லைகளாக அரிந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி இறைச்சிப் பக்கம் குனிந்துகொண்டாள்.

தேவாலயத்தில் பூசை விட்ட நேரம். நல்ல கோட்டும் நல்ல தொப்பியுமாக ஊரே கடைக்குள் இருந்தது.

"ஞாயித்துக்கிழமை கடைக்குப் போறது பாவம்னு இப்பதான் சாமி பிரசங்கம் வெச்சாரு. நான் கடைக்கா வந்தேன்? தனூத்தா, உன்னைப் பாக்க வந்தேன். அப்படியே ஒரு பாட்டில் வோட்கா குடு" என்றாள் அம்மாவிடம் எதிர்வீட்டு ஹாலினா.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். சட்டம் படித்தேன். ஞாயிறு கடையடைப்புச் சட்டம் தனிமனித சுதந்திரத்துக்கு எதிரானது என்று தலைநகர் வார்சாவில் என்னோடு படித்தவர்கள் வாதாடுவார்கள். அவர்களில் ஒருத்தர்கூடக் கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்றதில்லை. நான் அம்மாவின் கால்களைப் பார்த்து வளர்ந்தவள். முழங்காலுக்குக் கீழே நரம்புகள் புழு மாதிரி நெளியும். வாரத்தில் ஒருநாளாவது அந்தக் கால்கள் நீட்டிக் கிடக்கட்டும் என்று ஒரு நாடே சட்டம் போட்டால் அதில் என்ன தப்பு?

சட்டத்தில் ஓர் ஓட்டை உண்டு. கடைக்காரர் தானே நின்று விற்றால் ஞாயிறும் திறக்கலாம். குடும்பத்தார் கூலி வாங்காமல் கூடமாட உதவலாம். வேலைக்கு வைத்த ஆள் நிற்கக் கூடாது.

அம்மா வேலைக்கு வைத்த ஆள். முதலாளி லெஷெக் பின்னறையில் கால்பந்து பார்ப்பவர்.

வசந்தத்தில் முதல் புகார் அனுப்பினேன். லெஷெக்குக்கு அபராதம் விழுந்தது. அடுத்த ஞாயிறு அம்மா வீட்டில் இருந்தாள். போனில் கேட்டபோது, "சும்மா படுத்திருக்கேன்" என்றாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

போன மாதம் ஹாலினாவின் மகள் சொன்னாள், அம்மா மறுபடியும் ஞாயிறு நிற்கிறாள் என்று. இரண்டாவது புகாரையும் அனுப்பினேன். இந்தமுறை அந்த ஆள் மாட்டுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று காலை பஸ்ஸில் ஏறி வந்தேன்.

ஆய்வாளரின் முறை வந்தது. அடையாள அட்டையைக் காட்டினார்.

"நீங்க இங்க வேலை பாக்கிறீங்களாம்மா?"

"பாத்தேன்."

"இப்போ?"

அம்மா கையுறைகளை ஒவ்வொன்றாக உரித்தாள்.

அப்பாவை அடக்கம் செய்த அன்று மாலை, கல்யாண மோதிரத்தை வலக்கையிலிருந்து கழற்றி இடக்கையில் போட்டுக்கொண்டாள் அம்மா. எங்களிடையே விதவைகள் அப்படித்தான் செய்வார்கள். அதன்பின் பாத்திரம் கழுவும்போதுகூட அதைக் கழற்றியதில்லை.

இப்போது இடக்கை வெறுமையாக இருந்தது. மோதிர விரலில் வெளுத்த வளையம் மட்டும்.

வலக்கையில் புது மோதிரம்.

"முதலாளியோட சம்சாரம்" என்றாள்.

பின்னறையிலிருந்து லெஷெக் வந்தார். "ஆமா சார். கல்யாணத்தை நகராட்சியில எழுதியாச்சு, வேணும்னா போய்ப் பாத்துக்கங்க."

"ஞாயித்துக்கிழமைக்குச் சம்பளம் கொடுக்கிறீங்களா?"

"கட்டின பொண்டாட்டிக்கு எவனாவது சம்பளம் கொடுப்பானா சார்?"

வரிசை முழுக்கச் சிரித்தது. ஆய்வாளரும் சிரித்துவிட்டார். அது நகைச்சுவை இல்லை, சட்டம். கூலி கொடுத்தால்தான் குற்றம். அவர் கசகசா ரொட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு, வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் கல்லாவுக்கு முன்னால் நின்றேன். வாங்குவதற்கு என் கையில் எதுவும் இல்லை.

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீ சொன்னியா?"

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. இறைச்சி வெட்டும் தட்டைத் துடைத்துக்கொண்டே மெதுவாகப் பேசினாள்.

"ஞாயித்துக்கிழமை நிக்க முடியாதவ மத்த நாளும் வேணாம்னுட்டாரு. இந்த வயசுல வேற எவன் வேலை குடுப்பான், யூஸ்தினா? அப்புறம் அவரே ஒரு வழி சொன்னாரு."

வீட்டில் சும்மா படுத்திருந்தாளே அந்த ஞாயிறு. வேலை போயிருந்திருக்கிறது.

"அவரைப் பிடிச்சிருக்காம்மா?"

"பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க பாரு."

லெஷெக் என் தோளில் தட்டினார். கையில் துவைத்து மடித்த ஏப்ரன் இருந்தது.

"நீதான் சட்டம் படிச்ச பொண்ணாச்சே. சம்சாரத்தோட பிள்ளைங்களும் நிக்கலாம்னு இருக்கில்ல?"

இருக்கிறது. அந்த வரி எனக்கு மனப்பாடம். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு நான் முழு மதிப்பெண் வாங்கினேன்.

"அம்மாவும் பொண்ணும் அப்புறமா கொஞ்சிக்கங்கடி. எங்க வீட்டுல சூப் ஆறுது" என்று பின்னாலிருந்து ஹாலினா கத்தினாள்.

அம்மா ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றாள். பிறகு, என்னைப் பார்க்காமலே, கையுறைப் பெட்டியை என் பக்கம் நகர்த்தினாள்.