மூலையில் ஒரு பச்சைக் கோடு

அங்கயற்கண்ணி இதயத்தில் ஓட்டையோடு பிறந்தவள். அவள் பிள்ளை பெறலாமா என்று அறிய, மருத்துவமனை அவள் உடலுக்குக் கணினியில் ஒரு நகல் செய்து, பத்து மாதத்தையும் பத்தே நிமிடத்தில் ஓட்டிப் பார்த்தது.

"பிரசவம் ஆயிருச்சும்மா. ஆனா நுரையீரல்ல ரத்த அழுத்தம் எகிறி, மூணாம் நாள் உங்க நகல் இறந்துருச்சு. வேணாம்," என்றார் டாக்டர் ரெஜினா.

"எனக்கு நீ இருந்தாப் போதும் கண்ணி," என்றான் கணவன்.

அவள் திரையையே பார்த்தாள். மூலையில் ஒரு பச்சைக் கோடு இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

"இது யாரோடது டாக்டர்?"

"குழந்தையோடது. இதோ, நிறுத்திடுறேன்."

அவள் சட்டென்று டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் பொறுங்க. அதுக்குக் காது எந்தப் பக்கம் இருக்கு? பேரைச் சொல்லிடுறேன்."