நிர்வாகியின் பெயர்

ஹாலிலிருந்து வாசற்கதவு வரை வீட்டின் ஒன்பது கம்ப்யூட்டர்களையும் ஒன்றாக இணைத்த அன்று, "நிர்வாகியின் பெயரைச் சொல்லவும்" என்றது வீடு. தையல்நாயகி கட்டிய கணவன் பெயரை ஆயுளில் உச்சரித்ததில்லை.

"ஏங்க, உங்க பேரைக் கேக்குதுங்க!" என்று மாடிக்குக் குரல் கொடுத்தாள். நிர்வாகியின் பெயர் 'ஏங்க' என்று ஒன்பதிலும் பதிவாகிவிட்டது.

அன்றிலிருந்து கணவர் குமரகுருபரன் வெறும் விருந்தாளி. விருந்தாளிக்கு ஃபேன் இரண்டாம் நம்பருக்கு மேல் ஓடாது. அவள் "ஏங்க" என்றால், அவர் வாயைத் திறக்குமுன் வீடு "சொல்லும்மா" என்றது. பெயரை மாற்ற 'ஏங்க' சம்மதிக்க வேண்டும். 'ஏங்க' சம்மதிக்கவில்லை.

இன்று மாலை ஆபீஸிலிருந்து மழையில் நனைந்து வந்தவரிடம், "விருந்தாளிக்கு முப்பது நாள்தான். நேற்றோடு முடிந்தது" என்றது கதவு.

"நாயகி! திறக்கச் சொல்லு!"

"ஏங்க, பாவம் அவரு நனையுறாருங்க. கதவத் திறங்களேன்" என்று உள்ளே அவள் வீட்டிடம் கெஞ்சினாள்.

"யாரும்மா அவரு? பேரைச் சொல்லு, திறக்கிறேன்."

கதவில் காதை வைத்திருந்த குமரகுருபரனுக்கு, உள்ளே மனைவி வெட்கப்படுவது தெளிவாகக் கேட்டது.