மக்கனாவுக்குள் ஒரு கை

விரல்கள் மக்கனாவுக்குள் நுழைந்தன.

சமோசா தின்ற விரல்கள். எண்ணெய் இன்னும் காயவில்லை.

தலையையும் கழுத்தையும் சேர்த்து மூடியிருந்த வெள்ளை மக்கனா அது. பெண் பார்க்க மாடிக்கு வருகிறவர்கள் எல்லாரும் பெண்கள்தானே, முகத்திரை எதற்கு என்று உம்மா கேட்டதால், அதை மட்டும் அவிழ்த்து மடியில் வைத்திருந்தாள்.

மாப்பிள்ளையின் உம்மா ருகையா மாமி வந்து உட்கார்ந்ததும் நன்றாகத்தான் பேசினார்.

"எங்களுக்கு ஆடம்பரம் ஆகாதும்மா. அடக்கமா, பேணுதலா ஒரு புள்ள போதும். எளிமையா உடுத்துறதும் ஈமான்ல உள்ளதுன்னு நபிகள் சொன்ன ஹதீஸே இருக்கு."

மாமி உடுத்தியிருந்த கறுப்பு அபாயா முழுக்கக் கல். ஜன்னல் வெயில் பட்டு அறையே மின்னியது. கல்யாண வீட்டு சீரியல் விளக்கு தோற்றுப்போகும். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பேச்சு அவளுக்குப் பிடித்திருந்தது.

இப்போது அதே மாமியின் விரல்கள் கழுத்துச் சங்கிலியைத் தேடிப் பிடித்தன. மெல்ல இழுத்துக் கனம் பார்த்தன.

"கெட்டிதானே? உள்ள பொள்ளலா இருக்காதே?"

கேள்வி உம்மாவுக்கு. அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

விரல்கள் காதுக்குப் போயின. பிறகு பின்னலைப் பிடித்து, சவுரி இருக்கிறதா என்று அடிவரை உருவிப் பார்த்தன.



சந்தையில் ஆட்டின் வாயைத் திறந்து பல் பார்க்கிறவன்கூட ஆட்டுக்கு ஹதீஸ் சொல்வதில்லை.

கல்லூரி நாட்களில் யாரும் சொல்லாமல் அவளாகப் போட ஆரம்பித்த மக்கனா இது. வகுப்பில் கேலி செய்தவர்கள் உண்டு.

கை வைத்தவர்கள் இல்லை.

உம்மாவைப் பார்த்தாள். உம்மாவின் கண்கள் கெஞ்சின. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. கீழே கூடத்தில் வாப்பா மாப்பிள்ளை வீட்டு ஆண்களோடு சிரித்துப் பேசுவது கேட்டது. அவர் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகிவிட்டது.

பொறுத்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தாள்.

மாமி கையை வெளியே எடுத்தார். மக்கனாவின் ஓரத்திலேயே விரல்களைத் துடைத்துக்கொண்டார்.

வெள்ளையில் மஞ்சள் கறை.

அவள் மடியிலிருந்த முகத்திரையை எடுத்து உதறினாள். கண்களுக்குக் கீழே வைத்து, இரண்டு நாடாவையும் பின்னால் கொண்டுபோனாள்.

மாமி சிரித்தார். "இங்க ஆம்பளைங்க யாரும் இல்லையேம்மா."

அவள் நாடாக்களைக் கட்டப் பார்த்தாள். நழுவி நழுவி முடிச்சு விழ மறுத்தது.

உம்மா எழுந்து அவள் பின்னால் வந்தார். நாடாக்களை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

அவிழ்க்கப் போகிறார் என்று நினைத்தாள்.

முடிச்சு இறுகியது.