ஒன்பதால் வகுபடும் எண்

கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற அப்பாவின் நோட்டை மகள் புரட்டினாள். பக்கத்துக்குப் பக்கம் ஒரே பத்திலக்க எண். கீழே, ‘பூஜ்யம் முதல் ஒன்பது வரை எல்லா இலக்கமும் ஒருமுறை. கூட்டினால் நாற்பத்தைந்து. ஒன்பதால் வகுபடும். பகா எண் அல்ல.’

“போன் நம்பர் மாதிரி இருக்கே. யாருதுப்பா?”

“சும்மா... ஒரு எண்ணும்மா.”

“இந்த வயசுல இதெல்லாம் தேவையா? அம்மாகிட்ட சொல்லட்டுமா?”

“ஐயோ, அவளுக்கு மட்டும் தெரிய வேண்டாம்!”

அது போதாதா? அவர் கண்ணெதிரிலேயே அந்த எண்ணைத் தன் கைபேசியில் அழுத்தினாள்.

திரையில் ‘அம்மா’ என்று வந்தது. சமையலறையில் மணி அடித்தது.

அப்பா தலைகுனிந்தார். “எல்லாம் மறந்துட்டே வருதும்மா. இன்னும் கூடும்னு டாக்டர் சொல்லிட்டார். எங்கேயாவது வழி தெரியாம நின்னா அவளைத்தானே கூப்பிடணும்? கணக்கா போட்டு வெச்சாத்தான் எனக்கு மனசுல நிக்கும்.”