சிவப்பு வளையம்

ஜெலுத்தோங் வீட்டில் கால் முறிந்து படுத்திருந்த லோகேஸ்வரனிடம் மனைவி குணவதி சந்தோஷமாக வந்தாள்.

"பத்து காவான்ல இருக்கிற நம்ம தோட்டத்துல தேக்கு வெட்டியாச்சுங்க. பாதி மரத்த எடுத்தாத்தான் மிச்சது பெருத்து வரும்னு சொன்னீங்களே?"

"ஆமாலா! கோணல் மரத்த விட்டா நல்ல மரம் நோஞ்சானா போயிடும். ஆளுங்க ஒழுங்கா வெட்டினாங்களா?"

"பக்கத்துலயே நின்னேன். நீங்க சிவப்பு பெயிண்டுல வளையம் போட்டதுல ஒண்ணக்கூட விடல."

லோகேஸ்வரன் பதறி எழுந்து உட்கார்ந்தார். "படம் எடுத்தியா? காட்டு!"

கைப்பேசியில், பன்னிரண்டு வருடம் வளர்த்த தோட்டத்தில், நின்றதெல்லாம் கோணல் மரங்கள்.

"ஏங்க இப்படி வேர்க்குது? ரோட்டோர மரத்துல சிவப்பு அடிச்சா வெட்டத்தானே செய்றாங்க?"

"நான் அடிச்சது வெட்டக்கூடாத மரத்துக்கு, குணா."