ஞாயிறுக்குள் நீலம்

"ஏம்ப்பா சடையப்பன், இது நீச்சல் குளமா, மாட்டுக் குட்டையா?"

படூர் அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர் சுப்புராமன் போட்ட சத்தத்தில் பால்கனிகளில் தலைகள் முளைத்தன. உப்புத் தண்ணீர் நீச்சல் குளம் கலங்கி, பச்சைப் பசேலென்று கிடந்தது. கையை விட்டால் விரல் தெரியவில்லை.

"ஞாயித்துக்கிழமை பசங்களுக்கு நீச்சல் போட்டி. என் பொண்ணு ஸ்வாதி மூணு மாசமா பிராக்டிஸ் பண்றா. அதுக்குள்ள அடித்தரை தெரியலைன்னா நீ வேற வேலை பார்த்துக்கோ. சோம்பேறிங்களுக்கு இங்க இடமில்லை."

குளத்தைப் பராமரிக்கும் சடையப்பனுக்கு சோறு போடுவதே இந்த வேலைதான்.

"ரெண்டு நாள் குடுங்க சார். நீலமா ஆக்கிக் காட்டுறேன்."

மனிதர் சாப்பாட்டைக்கூட மறந்தார். உப்பிலிருந்து குளோரின் எடுக்கும் மெஷினைக் கழற்றி, படிந்திருந்த வெள்ளைச் சுண்ணாம்பைச் சுரண்டாமல் பதமாகக் கழுவினார். அடைத்துப் போன ஃபில்டரைச் சுத்தம் செய்தார். கூடுதலாகக் குளோரின் போட்டு, சுவரெல்லாம் பிரஷ் அடித்தார். மோட்டார் நிற்காமல் ஓடியது.

சனிக்கிழமை மதியம் பச்சை வெளுத்தது. சாயங்காலம் முதல் படி தெரிந்தது. பிள்ளைகளுக்குப் பொறுக்குமா? குளத்தைச் சுற்றி நின்று கூச்சல் போட்டார்கள்.

"ரெண்டாவது படி அங்கிள்! ஐயோ, மூணாவதும் தெரியுது!"

குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு எட்டிப் பார்க்க வந்த தரைத்தள வீட்டு ஷபானா, விசிலையே மறந்து நின்றாள்.

ஞாயிறு காலை, அடியில் ஒட்டிய டைல்ஸ் ஒவ்வொன்றும் பளிச். அப்பப்பா, என்ன நீலம்! ஒரே கைதட்டல். ஸ்வாதி குதியோ குதியென்று குதித்தாள்.

சடையப்பன் மட்டும் சட்டென்று தண்ணீரில் பாய்ந்தார். ஆழமான பக்கம் மூழ்கி, எதையோ எடுத்துக்கொண்டு கரையேறியவர், அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

சுப்புராமன் விடுவாரா?

"என்னய்யா ஒளிக்கிற? யாரோட நகை?"

"ஒண்ணுமில்ல சார், வுடுங்க. சும்மா குப்ப."

"திருட்டு முழி முழிக்கிறான் பாருங்க!" கையைப் பிடித்து முன்னால் இழுத்தார்.

ஒரு சின்னக் குடை. சரிகைத் துணியில் தைத்தது.

"அப்பா! நான் தெச்ச பிள்ளையார் குடை!" என்றாள் ஸ்வாதி. "சதுர்த்தி முடிஞ்சு பிள்ளையாரைக் கோவளம் கடல்ல கரைச்சிட்டு வந்தேன்னு சொன்னீங்களே?"

கூட்டம் சுப்புராமன் பக்கம் திரும்பியது.

"இதுவும் உப்புத் தண்ணிதானேம்மா..." சுப்புராமன் நெளிந்தார். "ஈ.சி.ஆர்.ல ஒரே டிராஃபிக்..."

ஸ்வாதி குடையை வாங்கிக்கொண்டு நகர்ந்தாள்.

சுப்புராமன் குரலைத் தாழ்த்தினார். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஃபில்டர்ல களிமண்ணு வந்தப்பவே யாரோ புள்ளையார் கரைச்சிகீறாங்கன்னு தெரியும் சார். யாருன்னு கொடைய பாத்தப்பதான் தெரிஞ்சிச்சு. பாப்பா தெச்சி முடிச்சதும் எங்கிட்ட காட்டிச்சு." சடையப்பன் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டார். "போட்டிக்குப் போற புள்ள, அப்பா பொய் சொல்லிட்டாருன்னு மனசு ஒடையக் கூடாதேன்னுதான் மறைச்சேன்."